ஒன்பதாம் தொகுதி

பக்கத்துக்கு நானூற்றைம்பது ரூபாய்.
புதுக்கடைச் சந்தியில், நீதிமன்றம் கலையும் நேரம்,
தேத்தண்ணிக்கும் தாசிம்தான் காசு கொடுத்தார்.
"பிறப்புச் சான்றிதழே எத்தனை நாளைக்கு, மிஸ்?
இது ஒரு ஜனாதிபதி எழுதின கடிதங்கள். அமெரிக்கா.
ஆள் மௌத்தாகி நூற்றைம்பது வருஷம்,
வழக்குப் போட ஒருத்தரும் வரமாட்டார்."

மூன்று கிழமையாக அவரோடு இருக்கிறேன்,
வெள்ளவத்தையில், மூன்றாம் மாடியில்.
ரயில் போகும்போதெல்லாம்
மேசையில் அகராதி ஒரு விரற்கடை நகரும்.
அவருக்குப் பல்வலி.
கீழ்க்கடைவாய், இடது பக்கம்; பதினேழு கடிதங்களில் வலிக்கிறது.
மகன் வாங்கிய குதிரையின் கடனைத் தவணையில் அடைக்கிறார்.
வீட்டில் சீனி களவு போகிறது:
சமையல்காரனைச் சந்தேகிக்க மனமில்லை என்று எழுதி
அடுத்த வரியிலேயே சந்தேகிக்கிறார்.

மனைவிக்கு "நீர்" போட்டேன்.
எங்கள் பக்கத்துப் புருஷன்மார் அப்படித்தான்.
ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே சொல்;
தமிழில் வாய் திறந்தால்
ஆர் கதிரையில், ஆர் நிலத்தில் என்று
முதல் வரியிலேயே சொல்லியாக வேண்டும்.

தபால் அதிபர் வேலைக்கு ஒரு சிபாரிசு:
"இதைக் கொண்டுவருபவர் எனக்கு நன்கு தெரிந்தவர்."
தனியே இருந்து சிரித்தேன்.
எங்கள் எம்.பி.மாரின் கடிதத் தலைப்புகளில்
இதே வரிக்கு எத்தனை தரம் முத்திரை குத்தியிருப்பேன்.

பிறகு நவம்பர்.
ஒரே திகதியில் இரண்டு.
ஒன்று வீட்டுக்கு: பீச் மரங்களுக்கு
வைக்கோல் சுற்றிவிடும், பனிக்கு முன்.
மற்றது தளபதிக்கு: ஆற்றுக்கு இந்தப் பக்கத்துச் சனங்கள்
அந்தப் பக்கம் போயிருக்க வேண்டும், பனிக்கு முன்.

ஒரு சொல்லில் நின்றுவிட்டேன்.
அகற்றல். அது குப்பைக்கு, மாநகரசபை லொறிக்கு.
இடப்பெயர்வு. தாங்களே எழும்பி நடந்த மாதிரி.
குடியகல்வில் கடவுச்சீட்டு வாசம்.
மூன்று நாள். அந்தப் பக்கத்துக்கும் அதே நானூற்றைம்பதுதான்.

அந்த ஜூன் மாதம்,
இதே வீதியில், கடலோரம் ஒரு லொட்ஜ்.
நேர்முகப் பரீட்சைக்கு வந்து ஒன்பதாம் நாள் விடியப்புறம்
பொலிஸ்காரர் சிங்களத்தில் சொன்னார்.
கதவுகளால் எட்டிப் பார்த்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
"என்னவாம் பிள்ளை?"
"அரை மணித்தியாலமாம். பஸ் வந்து நிக்குதாம்."
என் முதல் மொழிபெயர்ப்பு அதுதான்.
சத்தியப்பிரமாணம் இல்லை, கூலி இல்லை.
அவர் தயவுசெய்து என்றும் சொன்னார்.
அதை நான் விட்டுவிட்டேன்.
வவுனியா வரைக்கும், மடியில் சான்றிதழ்க் கோவையோடு,
அந்த ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டிருந்தேன்.

தளபதிக்கு இவரும் எழுதுகிறார்:
"இயன்றளவு மனிதாபிமானத்துடன்."
இந்த முறை விடவில்லை.
சொல்லுக்குச் சொல், கால்புள்ளி உட்பட.

பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில்,
அந்தச் சனங்களின் தலைவர்கள் அவருக்கு எழுதியது இருக்கிறது.
சோளம் இன்னும் முறிக்கவில்லையாம்.
புதைத்தவர்களை என்ன செய்வது என்று கேட்கிறார்கள்.
அவர்கள் "தாங்கள்" என்கிறார்கள். எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை.
கீழே, பதிப்பித்தவரின் குறிப்பு:
பதில் கண்டெடுக்கப்படவில்லை.

தாசிம் போன் எடுத்தார்.
"அடிக்குறிப்புகளை விடுங்கோ மிஸ்,
கடதாசி விற்கிற விலைக்கு.
செய்தாலும் அதுக்குக் காசு தர ஏலாது."

சரி என்றேன்.
ரயில் போனது. அகராதியை இழுத்து வைத்துவிட்டு
சோளத்திலிருந்து தொடங்கினேன்.